கூகுளில் முதலிடம், கடைக்கு அழைப்பில்லை: சேலம் வணிகர்களைக் குழப்பும் தேடல் மாற்றங்கள்

ஏற்காட்டில் நான்கைந்து அறைகளை வைத்து ஹோம்ஸ்டே நடத்துபவர்கள், செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு மொத்த வியாபாரம் செய்பவர்கள், இளம்பிள்ளையில் சேலை விற்பவர்கள் என்று சேலம் வட்டாரத்தில் சொந்தமாக இணையதளம் வைத்திருக்கும் பலருக்கும் இப்போது ஒரே குழப்பம். தளத்தைக் கவனித்துக்கொள்ளும் ஏஜென்சி மாதாமாதம் அனுப்பும் அறிக்கையில் எல்லா அம்புக்குறிகளும் பச்சையாகவே இருக்கின்றன. ‘சேலம் கொலுசு மொத்த விலை’ என்று தேடினால் இரண்டாமிடம், ‘ஏற்காடு தங்குமிடம்’ என்று தேடினால் முதலிடம். ஆனால் தளத்துக்கு வருகிறவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். ஏஜென்சியைக் கேட்டால், “ஏஐ வந்துருச்சுங்க, புதுசா ஒரு பேக்கேஜ் போட்டாத்தான் ஆகும்” என்று பதில் வருகிறது.

அறிக்கையில் உள்ள எண்கள் பெரும்பாலும் சரியானவையே. அந்த எண்களுக்கும் வியாபாரத்துக்கும் இடையே இருந்த தொடர்புதான் தளர்ந்துவிட்டது. அது எப்படித் தளர்ந்தது என்று புரிந்துகொண்டால், புதிய பேக்கேஜுக்குப் பணம் கட்டலாமா வேண்டாமா என்பதை அவரவரே முடிவு செய்துகொள்ளலாம்.

தேடுபொறி செய்யும் மூன்று வேலைகள்

1. படித்தல்: கூகுள்பாட் என்ற மென்பொருள் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு இணைப்புகள் வழியாகப் போய்ப் படித்துக்கொண்டே இருக்கிறது.

2. பதிவேட்டில் சேர்த்தல்: படித்த பக்கங்களில் பயனுள்ளவை என்று கருதுபவற்றை மட்டும் தன் பதிவேட்டில் வைத்துக்கொள்கிறது. இதைத்தான் ‘இண்டெக்ஸ்’ என்கிறார்கள். படித்த எல்லாமே இதில் இடம் பெறுவதில்லை. புதிதாகப் போட்ட பக்கம் தேடலில் வரவே இல்லை என்ற புகாரைப் பார்க்கும்போது, முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்தப் படியைத்தான்.

3. வரிசைப்படுத்தல்: ஒருவர் எதையாவது தேடும்போது, பதிவேட்டில் இருப்பவற்றில் எது முதலில், எது பிறகு என்று நொடிக்குள் அடுக்கித் தருகிறது.

இந்த மூன்றிலும் நம் பக்கம் தடையில்லாமல் போய்ச் சேரும்படி தளத்தைச் செப்பனிடும் வேலைக்குத்தான் எஸ்.இ.ஓ. என்று பெயர். 1998-இல் கூகுள் தொடங்கியபோது அதன் பலம், ஒரு தளத்துக்கு வெளியிலிருந்து வரும் இணைப்புகளை ஓட்டுகள்போல எண்ணிப் பார்க்கும் பேஜ்ரேங்க் முறை. ஓட்டு என்று வந்தால் கள்ள ஓட்டும் வரும். காசு கொடுத்து இணைப்பு வாங்குவது, ஒரே சொல்லை ஒரு பக்கத்தில் நாற்பது முறை எழுதுவது என்று உத்திகள் பெருகின. 2011-இல் பாண்டா, 2012-இல் பெங்குவின் என்ற பெயர்களில் வந்த மாற்றங்கள் தரமற்ற பக்கங்களையும் விலைக்கு வாங்கிய இணைப்புகளையும் குறிவைத்தன. அன்று தொடங்கிய துரத்தல் இன்னும் ஓயவில்லை.

பக்கத்தின் உள்ளே மறைவாக எழுதும் ‘கீவேர்டு’ குறிச்சொல்லைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது. இன்றும் அந்த வேலைக்கு பில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

முதலிடம் என்பது திரையில் எங்கே இருக்கிறது?

கைபேசியில் ‘ஏற்காடு ஹோம்ஸ்டே’ என்று தேடிப் பாருங்கள். பொதுவாக மேலே விளம்பரங்கள் வரும். அடுத்து தேதியும் வாடகையும் காட்டும் ஹோட்டல் பெட்டி, வரைபடம், அதன்கீழ் சில விடுதிகள். பிறகு பெரிய முன்பதிவுத் தளங்களின் இணைப்புகள். சொந்தத் தளம் வைத்திருக்கும் விடுதி இவற்றுக்கெல்லாம் கீழே நிற்கிறது. சில தேடல்களில் இத்தனைக்கும் மேலே ஏஐ எழுதிய விடையும் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

பல ரேங்க் அறிக்கைகள் வழக்கமான நீல இணைப்புகளை மட்டுமே எண்ணுகின்றன. அந்தக் கணக்கில் முதலிடம் வாங்கிய பக்கம், வாடிக்கையாளர் விரலால் மூன்று முறை தள்ளிய பிறகே கண்ணில் படக்கூடும். தேடுகிறவர் அதற்குள் ஒரு எண்ணை அழைத்திருப்பார், அல்லது விடை கிடைத்துவிட்டது என்று மூடியிருப்பார்.

விடை சொல்லத் தொடங்கிய தேடுபொறி

2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வந்தது. கேள்வி கேட்டால் இணைப்புகளின் பட்டியலுக்குப் பதில் நேரடியாக விடை கிடைக்கும் என்ற பழக்கத்தை அது மக்களுக்கு ஏற்படுத்தியது. கூகுள் 2023 மே மாதம் அதேபோன்ற வசதியைச் சோதனையாக அறிவித்தது. 2024 மே மாதம் அமெரிக்காவில் ‘ஏஐ ஓவர்வியூ’ என்ற பெயரில் எல்லாருக்கும் திறந்துவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இந்தியாவுக்கு வந்தது. பிறகு தமிழும் சேர்ந்தது. 2025-இல் ‘ஏஐ மோட்’ என்று உரையாடல் பாணியிலான தனித் தேடலும் இங்கே வந்துவிட்டது. சாட்ஜிபிடியும் 2024 அக்டோபர் முதல் இணையத்தில் தேடி, இணைப்புகளோடு விடை தருகிறது.

இந்த விடை உருவாகும் விதம் தெரிந்தால் மீதியெல்லாம் தெளிவாகும். கேட்ட கேள்வியை இயந்திரம் பல சிறு கேள்விகளாக உடைக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தன் பதிவேட்டில் தேடுகிறது. கிடைக்கும் பக்கங்களிலிருந்து வேண்டிய வரிகளை எடுத்துத் தன் நடையில் தொகுத்து எழுதுகிறது; பக்கத்தில் சில இணைப்புகளைக் காட்டுகிறது. ஆக, இயந்திரத்துக்கும் பழைய பதிவேடுதான் ஆதாரம். அதில் இல்லாத பக்கம் ஏஐ விடையிலும் வராது. ஏஐ பகுதியில் தோன்றுவதற்கெனத் தனித் தொழில்நுட்ப ஏற்பாடு எதுவும் தேவையில்லை, பக்கம் பதிவேட்டில் இருந்து, அதன் சுருக்கத்தைக் காட்டத் தடை இல்லாமல் இருந்தால் போதும் என்று கூகுளே தன் வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. ஏஐ விடையில் இடம்பிடித்துத் தருவதாகச் சொல்லி ‘ஏஐ எஸ்.இ.ஓ.’, ‘ஜிஇஓ’ என்ற பெயர்களில் விற்கப்படுபவற்றில் பெரும்பகுதி பழைய வேலைக்குப் புதிய விலைச்சீட்டு என்பதே என் கணிப்பு.

விளைவு கிளிக்குகளில் தெரிகிறது. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2025 மார்ச் மாதத் தேடல்களை வைத்துச் செய்த ஆய்வில், ஏஐ சுருக்கம் வந்த தேடல்களில் 8 சதவீதத்தில் மட்டுமே பயனர்கள் வழக்கமான இணைப்பு ஒன்றைச் சொடுக்கினார்கள். சுருக்கம் வராத தேடல்களில் அது 15 சதவீதம். சுருக்கத்துக்குள் இருந்த இணைப்பைச் சொடுக்கியவர்கள் 1 சதவீதம்தான். இவை அமெரிக்கக் கணக்கு. சேலத்துக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் போகும் திசை இதுதான்.

அடி எல்லாத் தேடல்களுக்கும் ஒரே மாதிரி விழுவதில்லை. ‘ஏற்காட்டுக்குக் காபி எப்போது வந்தது’ என்று ஒருவர் தேடினால், 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் கொண்டுவந்தார் என்று திரையிலேயே விடை வந்துவிடும். மலைப்பாதையில் எத்தனை கொண்டை ஊசி வளைவு, படகுத்துறை எங்கே, கோடை விழா எந்த மாதம் போன்ற கேள்விகளும் அப்படித்தான். ‘ஏற்காட்டில் பார்க்க வேண்டிய பத்து இடங்கள்’ என்று லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், கிளியூர் அருவி, சேர்வராயன் கோயில் என்று பட்டியலிட்டு, அதைப் படிக்க வருகிறவர்களில் சிலர் அறை எடுப்பார்கள் என்று நம்பியிருந்த விடுதித் தளங்கள்தான் முதலில் அடிவாங்கின. உண்மையைச் சொன்னால், ஒரே பட்டியலை இருநூறு தளங்கள் சொல்மாற்றி எழுதிவைத்திருந்தன. அதில் யாருடையது போனாலும் படிப்பவருக்கு நட்டமில்லை.

வாங்குவதற்கோ முன்பதிவுக்கோ தேடுபவர்கள் வேறு ரகம். அறையின் படம் பார்க்க வேண்டும், வாடகை கேட்க வேண்டும், கொலுசின் எடை தெரிய வேண்டும். இயந்திரத்தின் நான்கு வரி அவர்களுக்குப் போதாது.

இயந்திரத்துக்குத் தெரியாதது எது?

உள்ளூர் வியாபாரிகள் அதிகம் யோசிக்க வேண்டிய இடம் இது. ஏஐ தொகுப்பு ஏற்கெனவே எழுதப்பட்டதைத்தான் திரட்டித் தருகிறது. எங்கும் எழுதப்படாத தகவல் ஒன்று உங்களிடம் இருந்தால், அதை எழுதிவைப்பவர் நீங்கள் ஒருவர்தான்.

ஒருவர் ஏஐ மோடில் இப்படிக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: “வயசான அம்மா அப்பாவோட ஏற்காட்டுல ரெண்டு நாள் தங்கணும், படி ஏறக் கூடாது, நாமளே சமைச்சுக்கணும், கார் வாசல் வரைக்கும் போகணும்.” இயந்திரம் இதை நான்கைந்து கேள்விகளாக உடைத்துத் தேடும். ‘இயற்கை எழில் கொஞ்சும் சூழலில் மறக்க முடியாத அனுபவம்’ என்று எழுதியிருக்கும் ஐம்பது தளங்களில் இதற்கு விடை இல்லை. ‘கார் நிறுத்துமிடத்திலிருந்து அறைக்குப் படி கிடையாது, கழிப்பறையில் பிடிமானக் கம்பி உண்டு, கேஸ் அடுப்பும் பாத்திரங்களும் தருகிறோம், எஸ்டேட் பாதை கடைசியில் மண்சாலை, மழை நாளில் சிறிய கார் சிரமப்படும்’ என்று ஒரு விடுதி எழுதியிருந்தால், எடுத்துக்காட்ட அந்த ஒரு பக்கம்தான் இயந்திரத்துக்குக் கிடைக்கும். குறையையும் சேர்த்து எழுதியதால் வியாபாரம் போய்விடாது. வந்து இறங்கிய பின் சண்டை போடும் விருந்தாளி குறைவார்.

பாதை நிலவரம் இன்னொரு உதாரணம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண்சரிவு ஏற்பட்டுப் போக்குவரத்து நின்றது. அந்த மாதிரி நாட்களில் தேடுபவர் கேட்பது ‘இப்போது பாதை திறந்திருக்கிறதா, குப்பனூர் வழியாக வரலாமா’ என்பதுதான். நேற்றுவரை எழுதப்பட்டதைத் தொகுக்கும் இயந்திரம் இதில் தடுமாறும். அங்கேயே குடியிருப்பவர் தேதியிட்டு இரண்டு வரி எழுதினால், அதற்கு ஈடாக வேறெதுவும் இணையத்தில் இருக்காது.

தொகுப்பு தவறிப்போகும் இடங்களும் உண்டு. 2024 மே முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வாகனத்தில் செல்ல இ-பாஸ் வேண்டும் என்பது சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு. அந்த உத்தரவு அந்த இரண்டு ஊர்களுக்கானது. ‘தமிழக மலை வாசஸ்தலங்களுக்கு இ-பாஸ்’ என்று பொத்தாம்பொதுவாகத் தலைப்பிட்ட செய்திகள் பல இருக்கும்போது, ஏற்காட்டுக்கும் வேண்டும் என்று ஒரு சுருக்கம் குழப்பிவிட வாய்ப்பிருக்கிறது. ஏற்காடு விடுதிக்காரர்கள் தங்கள் பக்கத்தில் இதற்கு நேரடியாக ஒரு வரி எழுதிவைத்து, விதி மாறினால் உடனே திருத்திக்கொண்டால், வருகிறவர்களின் முதல் சந்தேகம் தீரும்.

கொலுசுக்கு வருவோம். ‘இன்றைய வெள்ளி விலை’ என்ற தேடலில் கடைக்காரருக்கு எதுவும் மிஞ்சாது. விலை திரையிலேயே வந்துவிடுகிறது. ஆனால் 2025 செப்டம்பர் 1 முதல் வெள்ளி நகைகளுக்கும் ஹெச்யூஐடி என்ற தனி அடையாள எண்ணுடன் கூடிய ஹால்மார்க் முறை வந்திருக்கிறது. இப்போதைக்கு அது கட்டாயமில்லை, விருப்பத்தின் பேரில்தான். வெளியூர் வியாபாரிக்கு எழும் கேள்விகளைப் பாருங்கள். வெள்ளியின் தூய்மையைக் குறிக்கப் பட்டறைக்காரர் சொல்லும் ‘டச்’ கணக்கும் முத்திரையில் இருக்கும் எண்ணும் எப்படிப் பொருந்துகின்றன? குறைந்த டச் கொலுசு ஏன் சீக்கிரம் தேயாது, ஏன் சீக்கிரம் கறுக்கிறது? பழைய கொலுசைத் திருப்பிக் கொடுத்தால் எதைக் கழிப்பார்கள்? கூலியைக் கிலோவுக்குப் போடுகிறார்களா, ஜோடிக்கா? இவற்றைச் செவ்வாய்ப்பேட்டையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எழுத்தில், அதுவும் தமிழில், தேடினால் அரிதாகவே கிடைக்கிறது.

தேடல் தரத்தை மதிப்பிடும் ஆட்களுக்கு கூகுள் தந்திருக்கும் கையேட்டில் நிபுணத்துவம், அதிகாரபூர்வத் தன்மை, நம்பகத்தன்மை என்று மூன்று அளவுகோல்கள் இருந்தன. 2022 டிசம்பரில் நான்காவதாக ‘அனுபவம்’ சேர்க்கப்பட்டது. எழுதியவர் அந்தப் பொருளைக் கையாண்டவரா, அந்த இடத்துக்குப் போனவரா என்று பார்க்கச் சொல்கிறது கையேடு. மதிப்பீட்டாளர் போடும் மதிப்பெண் எந்தத் தளத்தின் இடத்தையும் நேரடியாக மாற்றாது. தரவரிசை முறை சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்கத்தான் அது பயன்படுகிறது.

வரைபடத்தில் இருக்கும் வியாபாரம்

சேலத்தின் பெரும்பாலான கடைகளுக்கு இணையதளத்தைவிட கூகுள் மேப்பில் உள்ள பதிவுதான் முக்கியம். முன்பு ‘கூகுள் மை பிசினஸ்’ என்று இருந்ததை 2021 நவம்பரில் ‘பிசினஸ் புரொஃபைல்’ என்று பெயர் மாற்றினார்கள். அதோடு இலவசமாகக் கிடைத்த சிறு இணையதள வசதியை 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். அந்த முகவரியை விசிட்டிங் கார்டிலும் பெயர்ப்பலகையிலும் அச்சடித்தவர்கள் இன்னும் மாற்றாமல் இருந்தால், அதைத் தட்டுகிறவர் வெறும் பக்கத்தில்தான் போய் நிற்பார்.

வரைபட முடிவுகளுக்கு கூகுள் சொல்லும் அடிப்படைகள் மூன்று: பொருத்தம், தூரம், பிரபலம்.

1. பொருத்தம். முதன்மைப் பிரிவாக எதைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள் என்பது இங்கே பெரிய விஷயம். மொத்த வியாபாரி ‘நகைக்கடை’ என்று போட்டுவைத்தால், ஒரு ஜோடி கொலுசு கேட்டு வரும் அழைப்புகளுக்குப் பதில் சொல்லியே பொழுது போய்விடும். பெயரில் விளையாடுவதும் ஆபத்து. பெயர்ப்பலகையில் உள்ளதுதான் பதிவிலும் இருக்க வேண்டும். பின்னால் ‘ஏற்காடு பெஸ்ட் ஹோம்ஸ்டே லோ பிரைஸ்’ என்று ஒட்டவைப்பது விதிமீறல், பதிவே முடக்கப்படலாம்.

2. தூரம். இதை யாராலும் விலைக்கு வாங்க முடியாது. புதிய பேருந்து நிலையத்தில் நின்று ‘பக்கத்தில் தட்டுவடை செட் கடை’ என்று தேடுபவருக்கும் அம்மாப்பேட்டையில் நின்று தேடுபவருக்கும் வெவ்வேறு கடைகள் வரும். ‘எல்லாரும் எங்கிருந்து தேடினாலும் முதலிடம்’ என்று உறுதி கொடுப்பவர், இந்த அடிப்படை தெரியாதவராக இருக்க வேண்டும், அல்லது கேட்பவருக்குத் தெரியாது என்று நம்புகிறவராக இருக்க வேண்டும். மலையில் இன்னொரு சிக்கல்: நாகலூர், மஞ்சக்குட்டை போன்ற கிராமப் பகுதிகளில் எஸ்டேட்டுக்குள் இருக்கும் வீடுகளுக்குத் தெருப்பெயரோ கதவு எண்ணோ தெளிவாக இருப்பதில்லை. அடையாளக் குறி எஸ்டேட் கேட்டில் இருக்கிறதா, வீட்டு வாசலில் இருக்கிறதா, பக்கத்து எஸ்டேட்டில் இருக்கிறதா என்பதை உரிமையாளரே அங்கு நின்று சரிபார்க்க வேண்டும். ராத்திரி பத்து மணிக்குப் பனிமூட்டத்தில் வழி தவறியவர் போடும் ஒற்றை நட்சத்திரத்துக்கு அறையின் தரம் காரணமாக இருக்காது.

3. பிரபலம். ரிவியூக்களின் எண்ணிக்கை, சராசரி, பிற இடங்களில் உங்களைப் பற்றி எழுதப்பட்டவை எல்லாம் இதில் அடங்கும். ரிவியூ போட்டால் தள்ளுபடி, இலவச டீ என்று ஆசை காட்டுவதை கூகுளின் விதிகள் தடை செய்கின்றன. இந்தியாவிலும் இணைய ரிவியூக்களுக்கென ஐ.எஸ். 19000:2022 என்ற தர நிர்ணயத்தை இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ். 2022 நவம்பரில் வெளியிட்டது. நூறு ரிவியூ இத்தனை ரூபாய் என்று வாங்கியவர்களுக்கு வரும் பிரச்சினை எளிதானது: ஒரே வாரத்தில் குவிந்தவை ஒரே நாளில் நீக்கப்படுகின்றன, சில நேரம் உண்மையானவையும் சேர்ந்தே போகின்றன.

தேடும் நேரத்தில் கடை திறந்திருக்கிறதா என்பதும் வரிசையைப் பாதிக்கிறது என்று கூகுள் 2023 இறுதியில் உறுதிப்படுத்தியது. உடனே ‘24 மணி நேரமும்’ என்று மாற்றிவிட்டவர்கள் உண்டு. ராத்திரி பதினொரு மணிக்கு வந்து பூட்டைப் பார்ப்பவர் சும்மா போகமாட்டார்.

பதிவை உறுதிசெய்ய முன்பு தபால் அட்டையில் குறியீட்டு எண் வரும். இப்போது பெரும்பாலும் வீடியோ கேட்கிறார்கள்: தெரு, பெயர்ப்பலகை, கடையின் உட்புறம், நிர்வாகம் உங்களுடையது என்பதற்கான அடையாளம் ஆகியவற்றை நிறுத்தாமல் ஒரே பதிவாக எடுக்க வேண்டும். பலகை இல்லாமல் வீட்டிலேயே தொழில் செய்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

விடுதிகளுக்கு மட்டும் ஒரு கூடுதல் தகவல். ஹோட்டல் பெட்டியில் விலையோடு முன்பதிவு இணைப்பைக் காட்டுவதை 2021 மார்ச் முதல் கூகுள் இலவசமாக்கியிருக்கிறது. முன்பதிவு மென்பொருள் வைத்திருப்பவர்கள் அதன் வழியாகத் தங்கள் சொந்தத் தளத்தையும் அங்கே இடம்பெறச் செய்யலாம். கமிஷன் கொடுத்துக் களைத்தவர்களுக்கு இது உதவும்.

குறுக்குவழிகளின் நிலைமை

தேடலை ஏமாற்றும் உத்திகளுக்கு எதிரான தன் ‘ஸ்பாம்’ விதிகளில் 2024 மார்ச்சில் கூகுள் மூன்றைப் புதிதாகச் சேர்த்தது.

முதலாவது, தரவரிசைக்காக மொத்த மொத்தமாகப் பக்கங்களை உற்பத்தி செய்வது. மனிதர் எழுதினாலும் இயந்திரம் எழுதினாலும் ஒன்றுதான். ‘ஈரோட்டில் சேலம் கொலுசு’, ‘நாமக்கல்லில் சேலம் கொலுசு’, ‘தர்மபுரியில் சேலம் கொலுசு’ என்று ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி முந்நூறு பக்கம் போடுவது இதற்கு முன்பே தவறுதான். ஏஐ வந்தபின் அதை ஒரு மதியத்தில் செய்துவிடலாம் என்பதால் பிடியும் இறுகியிருக்கிறது. இரண்டாவது, காலாவதியான பழைய தளப் பெயரை வாங்கி, அதன் நற்பெயரில் வேறு சரக்கை விற்பது. மூன்றாவது, நல்ல பெயருள்ள தளத்தில் இடம் வாடகைக்குப் பிடித்து, அந்தப் பெயரின் பலத்தில் சம்பந்தமில்லாத கட்டுரையை மேலே ஏற்றுவது. இதன்மீதான நடவடிக்கை 2024 மே மாதம் தொடங்கியது. ‘பெரிய தளத்தில் உங்கள் கட்டுரை, ஐயாயிரம் ரூபாய்’ என்று வரும் மின்னஞ்சல்களை இந்த வெளிச்சத்தில் படிக்கலாம்.

ஏஐ எழுதியது என்பதற்காகவே தண்டனை கிடையாது. சொந்தச் சரக்கு ஏதும் இல்லாமல் எண்ணிக்கையைப் பெருக்குவதுதான் பிரச்சினை.

பக்கத்தின் வேகம் பற்றிச் சுருக்கமாக: முக்கியப் பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவு. மலையில் சிக்னல் விட்டுவிட்டு வரும், பத்து எம்.பி. படங்களை வரிசையாக அடுக்கிய முகப்பு அங்கே திறக்காது. படங்களைச் சுருக்கிப் போடுங்கள், முக்கால்வாசி வேலை முடிந்துவிடும்.

இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப்பும் தேடலுக்குள் வந்தபோது

இளம்பிள்ளைச் சேலைக் கடைகள் பலவற்றுக்கு இணையதளமே கிடையாது. இன்ஸ்டாவில் ரீல்ஸ், ஆர்டருக்கு வாட்ஸ்அப், பணத்துக்கு யுபிஐ. கூகுள் எங்களுக்கு எதற்கு என்று கேட்டவர்களையும் இப்போது அது தொட்டுவிட்டது. 2025 ஜூலை 10 முதல், 18 வயது நிறைந்தவர்கள் நடத்தும், எல்லாரும் பார்க்கக்கூடிய புரொஃபஷனல் இன்ஸ்டாகிராம் கணக்குகளின் படங்களையும் வீடியோக்களையும் தேடுபொறிகள் தங்கள் பதிவேட்டில் சேர்க்கலாம். ‘புது ஸ்டாக், டிஎம் பண்ணுங்க’ என்று மட்டும் எழுதிய ரீலில் இயந்திரம் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. துணி என்ன, தறி விசைத்தறியா கைத்தறியா, நீளம் எவ்வளவு, பிளவுஸ் சேர்த்தா தனியா, ஊர் எது என்று தலைப்பில் இருந்தால் தேடலில் வர வாய்ப்புண்டு. ஊர்ப் பெயரை ‘இளம்பிள்ளை’ என்று தேடுபவர்களும் ‘எலம்பிள்ளை’ என்று தேடுபவர்களும் இருப்பதால், இரண்டையும் எங்காவது இயல்பாகச் சேர்த்துக்கொள்வது நல்லது. இந்த வசதி வேண்டாம் என்றால் கணக்கின் அமைப்பில் அணைத்துவிடலாம்.

வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பச் சேர்த்துவைத்திருக்கும் எண்களின் பட்டியலில் வேறொரு சிக்கல் இருக்கிறது. தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. பெரும்பாலான கடமைகள் 18 மாத அவகாசத்துக்குப் பிறகு நடைமுறைக்கு வரும். ஒப்புதல் இல்லாமல் திரட்டிய எண்களுக்கு மொத்தமாகச் செய்தி அனுப்புவது அதற்குமேல் வெறும் நாகரிகப் பிரச்சினையாக இருக்காது.

அறிக்கையை எப்படிப் படிப்பது?

சர்ச் கன்சோல் என்பது கூகுள் இலவசமாகத் தரும் கணக்கேடு. எத்தனை முறை தோன்றினீர்கள், எத்தனை முறை சொடுக்கினார்கள், சராசரி இடம் எது என்று அதில் இருக்கும். ஏஐ ஓவர்வியூவில் தோன்றியதும் இந்தக் கணக்கில் கலந்துவிடுவதால், தோன்றிய எண்ணிக்கை கூடிக்கொண்டே கிளிக் மட்டும் குறைவது சாத்தியம்.

2025 செப்டம்பரில் நடந்த ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரே பக்கத்தில் 100 முடிவுகளை வரவழைக்கும் வசதியை கூகுள் அப்போது நிறுத்தியது. ரேங்க் பார்க்கும் மென்பொருள்கள் அதுவரை அந்த வசதியைத்தான் பயன்படுத்திவந்தன. ஐம்பதாவது, எண்பதாவது இடத்தில் கிடந்த பக்கங்களும் அவற்றால் ‘பார்க்கப்பட்டதாக’ கணக்கில் ஏறின. வசதி நின்றதும் பல தளங்களில் தோன்றிய எண்ணிக்கை சட்டென்று விழுந்தது. சராசரி இடம் சட்டென்று மேம்பட்டது. மனிதர்கள் யாரும் கூடவோ குறையவோ இல்லை. அந்த மாதத்து அறிக்கையில் ‘எங்கள் உழைப்பால் சராசரி ரேங்க் உயர்ந்தது’ என்று போட்டிருந்தால், அது யாருடைய உழைப்பு என்று இப்போது விளங்கும்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

1. எந்தச் சொல்லுக்கு, எந்த இடத்திலிருந்து தேடும்போது இந்த ரேங்க்? சென்னையிலிருந்து தேடும் குடும்பம் ஏற்காட்டுக்கு வாடிக்கையாளர். ஏற்காட்டில் உட்கார்ந்து தேடி எடுத்த ஸ்கிரீன்ஷாட்டால் பயன் குறைவு.

2. பிசினஸ் புரொஃபைல் வழியாகப் போன மாதம் எத்தனை அழைப்பு, எத்தனை பேர் வழி கேட்டார்கள்? இவை இலவசமாகவே அதில் தெரியும். அறிக்கையில் இவை இல்லாவிட்டால் ஏன் என்று கேளுங்கள்.

3. புதிய ஏஐ பேக்கேஜில் என்னென்ன வேலைகள்? ஏஐ இயந்திரங்களுக்குத் தளத்தைப் பற்றிச் சொல்வதற்கென்று ‘எல்எல்எம்எஸ் டெக்ஸ்ட்’ (llms.txt) என்ற கோப்பைத் தளத்தில் வைப்பது மட்டும் என்றால் யோசியுங்கள். கூகுள் தேடல் அதைப் பயன்படுத்துவதில்லை. அதன் தேடல் பிரிவைச் சேர்ந்த ஜான் முல்லர் அதைப் பழைய கீவேர்டு குறிச்சொல்லோடு ஒப்பிட்டிருக்கிறார்.

4. வெளியிலிருந்து இணைப்புகள் எங்கே வாங்கப்படுகின்றன? பட்டியல் தரமாட்டோம் என்றால் அந்த வரியை ஒப்பந்தத்திலிருந்து நீக்கிவிடலாம்.

5. இணையதளப் பெயர், பிசினஸ் புரொஃபைல், விளம்பரக் கணக்கு ஆகிய மூன்றும் யாருடைய மின்னஞ்சலில் இருக்கின்றன? ஏஜென்சியை மாற்றும் நாளில்தான் பலருக்கும் இது தெரியவருகிறது. புரொஃபைலில் ‘முதன்மை உரிமையாளர்’ என்ற இடத்தில் உங்கள் மின்னஞ்சலும், ‘மேலாளர்’ என்ற இடத்தில் அவர்களுடையதும் இருக்க வேண்டும். தலைகீழாக இருந்தால், அடுத்த மாத பில்லைக் கட்டும் முன்பே மாற்றிக் கேளுங்கள். உரிமையை மாற்றித் தருவது அவர்களுக்குப் பெரிய வேலை அல்ல. அவர்கள் மறுத்தாலோ பதில் சொல்லாமல் இழுத்தாலோ, அதே பதிவில் உரிமை கோரும் விண்ணப்பத்தை கூகுளுக்கு நீங்களே நேரடியாக அனுப்பலாம்.